கரண்டி நிக்கிற சூப்: கறி போடாத டச்சு ஸ்னெர்ட்

எல்லாருக்கும் வணக்கம். ஜன்னலுக்கு வெளியே பாருங்க, சாயங்காலம் அஞ்சு மணிதான், நெதர்லாந்துல இந்த உட்ரெக்ட் ஊர்ல கும்மிருட்டு. இந்தக் குளிருக்கு டச்சு வீடுகள்ல கொதிக்கிறது ஸ்னெர்ட். உடைச்ச பச்சைப் பட்டாணியில செய்ற சூப், கரண்டியை நட்டா நிக்கிற அளவுக்குக் கெட்டியா இருக்கணும். கால்வாய் உறைஞ்சு ஜனங்க சறுக்க இறங்கினா, பனிக்கட்டி மேலயே கடை போட்டு இதை விப்பாங்க. அந்தக் கடைக்குப் பேரு கூக்-என்-ஸோபி.

வழக்கமா பன்றி எலும்பு, ரோக்வொர்ஸ்ட்னு புகை போட்ட சாசேஜ் எல்லாம் இதுல இருக்கும். அதை எடுத்துட்டா வெறும் பருப்புத் தண்ணிதானேன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இல்லங்க. கெட்டியாகிறது பெரும்பாலும் பட்டாணியாலதான். கறி குடுக்கிறது புகை வாசமும் கொழுப்பும். அது ரெண்டுக்கும் வழி பண்ணிட்டாப் போதும்.

அரைக் கிலோ பட்டாணி, ரெண்டு லிட்டர் தண்ணி. ஊற வைக்க வேண்டாம். பொங்கற நுரையை எடுத்துடுங்க. முக்கால் மணி நேரம் கழிச்சு ரெண்டு கேரட், ஒரு உருளை, பாதி செலரிக் கிழங்கு. இதோ, கிட்ட காட்டுறேன், வேரும் மண்ணுமா இருக்கே, இதான். தயவுசெஞ்சு இதை விட்டுடாதீங்க, ஸ்னெர்ட்டோட மணமே இதுதான். லீக்ஸ், பெரிய வெங்காயத்தாள் மாதிரி இருக்குமே, அது கடைசியில.

பக்கத்து அடுப்புல தாராளமா எண்ணெய் விட்டு, வெங்காயத்தை நல்லா சிவக்க வதக்கி, புகை போட்ட மிளகாய்த்தூள், கொஞ்சம் சோயா சாஸ். தூள் கருகினா கசக்கும், அடுப்பை அணைச்சிட்டுப் போடுங்க. அப்படியே சூப்புல கொட்டிடலாம். சாசேஜுக்குப் பதிலா புகை போட்ட டோஃபுவை மொறுமொறுன்னு வறுத்து மேல வைக்கிறேன். கடையில விக்கிற வீகன் ரோக்வொர்ஸ்ட்டும் ஓகேதான், எனக்கு டோஃபுதான் பிடிச்சிருக்கு.

தொட்டுக்க கம்பு ரொட்டி இல்லங்க, ரைங்கிற தானியத்துல செஞ்ச ரொட்டி, கறுப்பா கனமா இருக்கும். அதுமேல கடுகு பேஸ்ட்.

லைடன்னு இன்னொரு டச்சு ஊர்ல அக்டோபர் 3 அன்னிக்குச் சாப்பிடுற ஹுட்ஸ்போட் இதைவிட சுலபம். 1574-ல ஸ்பானியர் முற்றுகை விலகின நாள் அது. கேரட், வெங்காயம், உருளையை வேக வச்சு மசிக்கணும், பாலுக்குப் பதிலா வேக வச்ச தண்ணியே போதும். அது தனி வீடியோவா போடுறேன்.

இப்போ கரண்டியை நட்டுப் பாக்கலாம்... சாயுது. சாயத்தான் செய்யும், ஒரு ராத்திரி ஆறினாதான் இது இறுகும். மூடி போட்டுக் குளிர்ல வைக்கிறேன். காலையில இதே கேமரா, இதே கரண்டி.