மியாமி சவுண்ட் மெஷின்: கல்யாண மேடையிலிருந்து கிளம்பிய தாளம்

[காட்சி: 1970களின் மியாமி, விருந்து மண்டபம், அக்கார்டியன் ஒலி]

எமிலியோ எஸ்தெஃபான் பிறந்தது கியூபாவின் சாண்டியாகோ நகரில். கார்னிவல் வந்தால் அந்த ஊரே கொங்கா மேளத்துக்குப் பின்னால் வரிசைகட்டி ஆடிக்கொண்டு போகும். சிறுவயதிலேயே நாட்டை விட்டு வெளியேறி, ஸ்பெயின் வழியாக மியாமி வந்து சேர்ந்தவர். பகலில் பகார்டி என்ற மதுபான நிறுவனத்தில் தபால் பிரிக்கும் வேலை. இரவில் 'மியாமி லத்தீன் பாய்ஸ்' என்ற குழுவுடன் கல்யாணக் கச்சேரி.

1975இல் அப்படி ஒரு கல்யாணத்தில், விருந்தாளியாக வந்திருந்த குளோரியா ஃபஹார்தோ மேடையேறி இரண்டு பழைய கியூபப் பாடல்களைப் பாடினார். ஹவானாவில் பிறந்தவர், அப்போது கல்லூரி மாணவி. வாரக் கடைசியில் மட்டும் பாடுவதாகச் சேர்ந்தார். குழுவின் பெயர் 'மியாமி சவுண்ட் மெஷின்' ஆனது. 1978இல் எமிலியோவும் குளோரியாவும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

[காட்சி: இசைத்தட்டு உறைகள்]

அப்புறம் சில வருடங்கள் ஸ்பானிஷ் ஆல்பங்கள். லத்தீன் அமெரிக்காவில் நல்ல பெயர். ஆனால் ஆங்கிலச் சந்தையின் கதவு திறக்கவில்லை. 1984இல் குழுவின் டிரம்மர் கிகி கார்சியா எழுதிய 'டாக்டர் பீட்' என்ற ஆங்கிலப் பாட்டு ஐரோப்பாவில் ஹிட்டானது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஒரு இரவு. கச்சேரி முடிந்தும் கூட்டம் விடவில்லை, இன்னும் வேண்டும் என்கிறது. கைவசம் வேறு ஆங்கிலப் பாட்டு இல்லை. சரி என்று, ஊர்க் கார்னிவலின் பழைய கொங்கா பாட்டுகளைத் தொடர்ந்து வாசித்தார்கள். ஒரு வார்த்தை புரியாத டச்சுக்காரர்கள் துள்ளி ஆடினார்கள். இதையே ஆங்கிலத்தில் எழுதினால் என்ன என்று குளோரியாவுக்குத் தோன்றியது. அங்கிருந்து இங்கிலாந்து போகும் விமானத்திலேயே கார்சியா பாட்டை எழுதத் தொடங்கிவிட்டார்.

அமெரிக்கர்களுக்கு லத்தீன் வாடை அதிகம், லத்தீன்காரர்களுக்கு அமெரிக்க வாடை அதிகம் என்று இசைத்துறையினர் தயங்கினார்கள். எமிலியோ பித்தளை வாத்தியங்களையும் கொங்காவையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பிடிவாதம் இல்லாமல் போயிருந்தால் இந்தக் குழுவை இன்று யார் தேடிக் கேட்பார்கள்?

1985இல் 'கொங்கா' வெளிவந்தது. அமெரிக்க இசை இதழான பில்போர்டின் பாப், லத்தீன், சோல், டான்ஸ் ஆகிய நான்கு பட்டியல்களிலும் ஒரே நேரத்தில் ஏறிய முதல் பாட்டு அதுதான். பாப் பட்டியலில் 10ஆம் இடம் வரை போனது. 1988இல் 'எனிதிங் ஃபார் யூ' முதலிடமே பிடித்தது.

[காட்சி: உயிர்பெறும் கொங்கா மேளம்]

ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொண்டு 'கொங்கா'வை ஒருமுறை கேளுங்கள். பாடகியின் குரலைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, அடியில் ஓடும் மேளத்தை மட்டும் பின்தொடருங்கள்.