ஒருத்தர் கையில இருக்குன்னு நாம ஒதுங்கிக்கணுமா?

நடுவர் அய்யாவுக்கும், ஏற்காட்டுல இருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி வந்திருக்கற சொந்தங்களுக்கும் வணக்கமுங்க. விண்வெளித் தொழில்ல நம்ம ஊரு பணம் போகலாமா வேணாமாங்கறதுதான் தலைப்பு, நான் போகணும்னு பேச வந்திருக்கேன்.

இப்ப பேசிட்டு போன எதிரணி அக்கா, எலான் மஸ்க் ஒருத்தரே வானத்தை வளைச்சு போட்டுட்டாரு, நாம ஏன் அந்த பக்கம் போகணும்னு கேட்டாங்க. வளைச்சு போட்டது நிஜம்தானுங்க, மேல வேலை செய்யற சேட்டலைட்ல பாதிக்கு மேல அவரு கம்பெனி இன்டர்நெட் தர்றதுக்கு விட்ட ஸ்டார்லிங்க்தான். 2022ல உக்ரைன் சண்டையில கிரிமியா பக்கம் ஸ்டார்லிங்க் சிக்னல் தர முடியாதுன்னு அவர் சொல்லிட்டாரு, அவ்வளவுதான், ஒரு நாட்டு ராணுவத்தாலயே ஒண்ணும் பண்ண முடியல. இந்த அதிகாரத்தை அவருக்கு எவன் ஓட்டு போட்டு குடுத்தான்? அட உக்ரைன் தூரம், நம்ம ஜிசாட்-என்2 சேட்டலைட் 4,700 கிலோ, நம்ம எல்விஎம்-3 ராக்கெட்டு அது போக வேண்டிய உயரமான பாதைக்கு 4,000 கிலோ வாக்குலதான் தூக்கும், அதனால 2024 நவம்பர்ல நாமளே அவரோட ஃபால்கன்-9 ராக்கெட்லதான் ஏத்தி விட்டோம்.

சரி, இதுக்கு மருந்து என்ன, ஒதுங்கி நிக்கறதா? சேலத்துக்காரங்க நீங்களே சொல்லுங்க, ஜவ்வரிசி விலைய வியாபாரிங்க நாலு பேர் முடிவு பண்ணிட்டு இருந்தப்ப நம்ம ஆளுங்க மில்ல பூட்டிட்டு போயிட்டாங்களா? 1981ல சேகோசர்வ்னு சொந்தமா ஒரு கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சு அங்கயே ஏலம் விட்டாங்க. வானத்துலயும் அதத்தான் பண்ணணும்ங்கறேன், போட்டிக்கு ஆள் இறங்கினாதான் அந்த ஒருத்தர் பிடி தளரும். 2022ல ரஷ்யா சேட்டலைட் ஏத்தி விட முடியாதுன்னு கை விரிச்சப்ப, ஸ்டார்லிங்க் மாதிரியே சேட்டலைட் இன்டர்நெட் தர்ற ஒன்வெப் கம்பெனி நம்ம ஸ்ரீஹரிகோட்டாவுக்கும்தான் வந்துச்சு, ஏன்னா நம்மகிட்ட ஒரு ராக்கெட்டு இருந்துச்சு.

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு வேற கேட்டாங்க அக்கா, அது எனக்கு கொஞ்சம் வலிச்சுதுங்க. சந்திரயான்-2 லேண்டரை சோதிக்க நிலா மண்ணு மாதிரி மண்ணு வேணும்னு இஸ்ரோ தேடினப்ப கிடைச்சது எங்க, பக்கத்துல நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி பாறையில! நம்ம பெரியார் பல்கலைக்கழக ஆளுங்களும் அதுல வேலை பாத்தாங்க. ராணுவத்துக்கு தளவாடம் செய்யற தொழிலுக்குன்னு தமிழ்நாட்டுல ஒதுக்கின காரிடார்ல இருக்கற 5 ஊர்ல சேலமும் ஒண்ணு. 2024 மே மாசம் ஐஐடி மெட்ராஸ்ல முளைச்ச அக்னிகுல் பசங்க ஒரே பீஸா 3டி பிரிண்ட் எடுத்த இன்ஜினோட ராக்கெட்டு விட்டாங்க, அந்த மாதிரி கம்பெனிக்கு பார்ட்ஸ் கடைஞ்சு குடுக்க நம்ம லேத் பட்டறைக்காரங்களுக்கு என்ன குறைச்சல்?

காசு முங்கும்ங்கற பயம் நியாயம்தான். வர்ஜின் ஆர்பிட்னு ஒரு ராக்கெட்டு கம்பெனி 2023ல திவாலே ஆச்சு. அதனால டெலிகிராம்ல எவனோ டிப்ஸ் குடுத்தான்னு ஷேர் வாங்காதீங்க சாமி, பொண்ணு கல்யாண காசை இதுல போட சொல்ல நான் வரல. மெஷின்ல போடுங்க, பசங்க படிப்புல போடுங்க, ஆர்டர் பாத்து பட்டறைய பெருசு பண்ணுங்க.

அடுத்து எதிரணித் தலைவர் வருவாரு, அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டு வைங்க நடுவர் அய்யா: யாரும் காசு போட வேணாம்னா, அடுத்த 4,700 கிலோ சேட்டலைட்டை தூக்க நாம யார் வீட்டு வாசல்ல போய் நிக்கறது?