பத்து லட்சம் டாலர் கை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

10,50,024 டாலர். ஒரு வருடம் பந்து வீசுவதற்காக ஒரு கல்லூரி மாணவிக்குப் பேசிய தொகை இது. பத்து லட்சம் அவளுக்கு, ஐம்பதாயிரம் தங்கிச் சாப்பிடும் செலவுக்கு. மிச்சமிருக்கும் 24? அது அவள் சட்டையின் எண். கொடுப்பவர்களுக்குக் கொஞ்சம் குறும்பும் இருந்திருக்கிறது!

அந்தப் பெண் நிஜாரி கேனடி, கான்சஸ் மாநிலத்தின் டோபீகா ஊர்க்காரி. ஸ்டான்ஃபோர்டில் இரண்டு ஆண்டுகள் ஆடி, 2024இல் அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பாலின் சிறந்த வீராங்கனை என்ற விருதும் வாங்கினாள். அந்தக் கோடையிலேயே டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டாள். பணம் பல்கலைக்கழகக் கணக்கிலிருந்து வரவில்லை. அதன் ஆதரவாளர்கள் சேர்ந்து நடத்திய நிதியமைப்பு கொடுத்தது. 2021இலிருந்து மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி தளர்ந்திருந்தது.

நம்மில் பலர் சாஃப்ட்பால் பார்த்திருக்க மாட்டோம். கிரிக்கெட்டை வைத்துச் சொல்கிறேன். பேஸ்பாலின் உறவுக்கார ஆட்டம் இது. பந்து வீசும் பிட்சருக்கும் அடிக்கும் பேட்டருக்கும் நடுவே 43 அடிதான், நம் பிட்ச்சைவிட மிகக் குறைவு. கையை முழு வட்டமாகச் சுழற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விட வேண்டும். கேனடியின் பந்து மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த 43 அடியில் பேட்டருக்கு யோசிக்க எங்கே நேரம்? இன்னொன்று, இங்கே ஓவர் கணக்கு கிடையாது. ஒரு ஆட்டத்தின் ஏழு இன்னிங்ஸையும் ஒருத்தியே வீசலாம். மறுநாளும் அவளே வரலாம்.

இந்தப் பணத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். கல்லூரி விளையாட்டில் இவ்வளவா, அதுவும் பெண்கள் ஆட்டத்திலா என்று. ஆண்கள் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் பயிற்சியாளருக்கு ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் போனபோது சுளிக்காத முகங்கள் அவை. எனக்கு அந்தத் தொகைமேல் குறையே இல்லை. அந்தக் கையை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதில்தான் கேள்வி.

2025 பருவத்துக்கு வருவோம். டெக்சஸ் டெக், சுருக்கமாக டெக், அதுவரை கல்லூரிக் கோப்பையின் கடைசிக் கட்டமான கல்லூரி உலகத் தொடரில் கால் வைத்ததே இல்லை. புதுப் பயிற்சியாளர் ஜெரி கிளாஸ்கோ முதல் ஆண்டிலேயே அணியை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். மே 29இல் ஓல் மிஸ் அணியை 1-0, அடுத்து யூசிஎல்ஏவை 3-1. ஜூன் 2இல் ஓக்லஹோமா. 2021 முதல் 2024 வரை நான்கு ஆண்டு தொடர்ந்து கோப்பை வாங்கிய அணி. அதற்கு முன் யாரும் அப்படி வாங்கியதில்லை. அவர்களையும் 3-2 என்று கடைசி இன்னிங்ஸில் அனுப்பிவைத்தார்கள். மூன்று ஆட்டத்திலும் டெக் பக்கம் விழுந்த ஒவ்வொரு பந்தும் கேனடி வீசியது.

இறுதிச் சுற்று அண்டை வீட்டுச் சண்டைதான், எதிரே டெக்சஸ் பல்கலைக்கழகம். மூன்றில் இரண்டு வென்றவருக்குக் கோப்பை. முதல் ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ், டெக் 1-0 என்று முன்னால் நிற்கிறது. டெக்சஸின் இருவர் பேஸ்களில், அதாவது ரன்னுக்காக ஓடும் வழியிலுள்ள நிறுத்தங்களில் காத்திருக்க, ரீஸ் அட்வுட் மட்டையோடு வருகிறாள். இவளோடு வம்பு வேண்டாம், எட்டாத இடத்தில் நான்கு பந்து போட்டு முதல் பேஸுக்கு இலவசமாக அனுப்பிவிடலாம் என்று டெக் முடிவு செய்கிறது. மூன்று பந்து அப்படியே போனது. நான்காவது கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது. அட்வுட் விடவில்லை, எட்டி அடித்தாள். இரண்டு ரன். ஆட்டம் 2-1 என்று டெக்சஸுக்குப் போயிற்று.

களைப்பில் கை தவறியதா, கவனம் தவறியதா? யாரும் அளந்து சொல்ல முடியாது. மறுநாளும் கேனடிதான் முழு ஆட்டத்தையும் வீசினாள். டெக் 4-3 என்று வென்று சமன் செய்தது. அதற்கும் மறுநாள், ஜூன் 6, மறுபடி அவளே. முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து ரன் போனது. அப்போதுதான் அவளை வெளியே எடுத்தார்கள். முழங்கால் தசைநார் கிழிந்த நிலையில் ஆடிய மியா ஸ்காட், பேஸ்கள் மூன்றும் நிறைந்திருந்தபோது பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பி ஒரு ஹோம் ரன் அடித்தாள். 10-4. டெக்சஸுக்கு முதல் கோப்பை. தொடரின் சிறந்த வீராங்கனை விருதும் அவர்கள் பிட்சர் டெகன் கேவனுக்கே.

கீழிருந்து வீசுவது உடம்புக்கு இயல்பானது, எத்தனை வீசினாலும் தோள் தாங்கும் என்று இந்த ஆட்டத்தில் நெடுநாளைய நம்பிக்கை ஒன்று உண்டு. தோள்மீது விழும் விசை மேலிருந்து வீசுவதற்கு ஏறக்குறைய நிகர் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆண்கள் பேஸ்பாலில் பிட்சரைப் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். இங்கே ஆறு ஆட்டத்துக்கு ஒருத்தி!

அதே ஜூன் 6 அன்று இன்னொரு செய்தியும் வந்தது. ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்ற ஒப்பந்தத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. சாஃப்ட்பால் அணிக்குப் பன்னிரண்டு உதவித்தொகை என்றிருந்த பழைய வரம்பும் போனது. இனி 25 பேர் வரை அணியில் இருக்கலாம், எல்லாருக்கும் கொடுக்கலாம். கொடுப்பார்களா என்பது ஒவ்வொரு கல்லூரியின் மனதையும் பணப்பையையும் பொறுத்தது.

கேனடி அடுத்த பருவத்துக்கும் பத்து லட்சத்துக்கு மேல் டாலருக்கு டெக்கிலேயே தங்கினாள். அந்தக் கோடையில் டெக் வேறு சில நட்சத்திரங்களையும் அழைத்து வந்தது. அவர்களில் ஒருத்தி கெய்ட்லின் டெர்ரி. யூசிஎல்ஏவிலிருந்து வந்தவள், அவளும் பிட்சர்தான்.