தண்ணி குடிச்சா வலி வருதா? என் கிட்னி அடைப்பு ஆபரேஷன் பத்திப் பேசறேன்

வணக்கம். கானாடுகாத்தான்ல எங்க அப்பத்தா வீட்டு வளவுல, அதான் நடு முற்றத்துல, உக்காந்து பேசறேன். ஆபரேஷன் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு.

மூணு வருஷமா இடது விலாவுக்குக் கீழ வலி. வாந்தியோட வரும், ரெண்டு மணி நேரத்துல போயிரும். வாயுன்னாங்க, அப்புறம் கல்லா இருக்கும்னாங்க. வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணி, எளநின்னு வீட்டுல மாத்தி மாத்திக் குடுத்தாங்க. குடிக்கக் குடிக்க வலி கூடிச்சு. அதை நான் எந்த டாக்டர்கிட்டயும் சொல்லவே இல்ல. நீங்க தயவுசெஞ்சு சொல்லிருங்க. வலி இல்லாத நாள்ல எடுத்த ஸ்கேன்ல ஒண்ணும் பெருசாத் தெரியல. வலியோட ஓடிப் போய் எடுத்தப்பதான் கிட்னி வீங்கி நின்னுச்சு.

இந்த வளவப் பாருங்க. நாலு பக்க ஓட்டுத் தண்ணியும் இங்க விழுந்து, அந்த மூலையில இருக்கற ஓட்டை வழியா வெளிய போகும். ஓட்டை சுருங்கியிருந்தா தூத்தல்ல தெரியாது, அடிச்சுப் பெஞ்சாதான் தேங்கும். கிட்னிலேர்ந்து சிறுநீர்க்குழாய் ஆரம்பிக்கற எடம் எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. பி.யு.ஜே. அடைப்புன்னாங்க. நெறையப் பேருக்குப் பிறவியிலயே இருக்கும். எனக்கு, கிட்னியோட கீழ்ப்பகுதிக்குப் போற ரத்தக்குழாய் ஒண்ணு குறுக்க வந்து அழுத்திக்கிட்டும் இருந்துச்சு.

ரெனோகிராம்னு ஒரு டெஸ்ட். கதிர்வீச்சு இருக்கற மருந்து கொஞ்சம் ஊசியில போட்டு, கூடவே சிறுநீர் பெருக்கற லாசிக்ஸ் குடுத்து, மருந்து எவ்வளவு வேகமா வடியுதுன்னு கேமரால பாப்பாங்க. எந்த கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுங்கறதும் அதுலயே தெரியும். ரெண்டு கிட்னியும் சேந்து செய்யற வேலையில என் இடது கிட்னியோட பங்கு 34 சதவீதம்தான். அந்தப் பேப்பரப் பாத்து நான் ரொம்ப அழுதேன்.

ஆபரேஷனுக்கு பைலோபிளாஸ்டின்னு பேரு. சுருங்குன துண்ட வெட்டி எடுத்துட்டு, குழாயோட வாயை அகலமாக்கி கிட்னியோட திரும்பத் தைக்கறது. ஆண்டர்சன், ஹைன்ஸ்னு ரெண்டு பேர் 1949-ல எழுதுன முறை. அப்பல்லாம் விலாவ ஒட்டிப் பெருசாக் கிழிப்பாங்க. 1993-லேர்ந்து லேப்ராஸ்கோப்புலயும், அதாவது சின்னத் துளை வழியா கேமரா விட்டும் செய்யறாங்க. எனக்கு வயித்துல மூணே துளை. அந்த ரத்தக்குழாய வெட்டக் கூடாது, வெட்டுனா கிட்னியில அந்தப் பகுதி செத்துரும். அதனால சிறுநீர்க்குழாய அதுக்கு முன்னால கொண்டாந்து தச்சாங்க. மூணாம் நாள் வீட்டுக்கு வந்துட்டேன்.

கஷ்டம் ஸ்டென்ட்டாலதான். தையல் ஆற்ற வரைக்கும் உள்ள வைக்கற மெல்லிசான குழாய் அது. அடிக்கடி ஒண்ணுக்கு முட்டும், போறப்ப முதுகுல சுருக்குனு இழுக்கும். அதை மறந்து உள்ளயே விட்டுட்டா மேல கல்லு படிஞ்சுரும், அப்புறம் எடுக்கறதே பெரிய பாடு. எனக்கு ஆறு வாரத்துல எடுத்தாங்க. அந்தத் தேதிய முகப்புல தொங்கற கேலண்டர்ல அப்பத்தாதான் சிவப்புப் பேனாவால வட்டம் போட்டு வச்சாங்க.