கூப்பிடுகிறவருக்கும் பங்கு உண்டு

(மலேசியாவின் பினாங்கு ஜெலுத்தோங்கில், ஆலய இளைஞர் பிரிவு நடத்திய சாலைப் பாதுகாப்பு நாளில் பேசியது)

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, ஆலயத் தலைவர் அவர்களே, செயலவையினரே, காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகராத மாதர் பிரிவுச் சகோதரிகளே, உட்கார இடமிருந்தும் கதவோரமே நிற்கும் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம். டத்தோ அவர்கள் இப்போதுதான் உள்ளே வருகிறார்கள். வாங்க டத்தோ, முன்வரிசையில் உங்கள் நாற்காலியைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். இன்றைய மீகூன் டத்தோவின் உபயம் என்று தலைவர் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன். டத்தோவின் கையில் போன் இல்லை, கவனித்தீர்களா? ஓட்டுநரிடம் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் அது வேறு பிரச்சினை.

வண்டி ஓட்டும்போது போன் எடுப்பதைப் பற்றி மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது, மற்ற நாடுகள் என்ன செய்கின்றன, நாம் என்ன செய்யலாம். இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். மரியாதை சொன்னதிலேயே ஐந்து போயிற்று.

எங்கள் பாட்டி எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார்: ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால். ஸ்டியரிங்கில் ஒரு கை, போனில் ஒரு கை என்று நாம் போவதைப் பாட்டி பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் வேறு பழமொழி தேடியிருக்க மாட்டார்.

சட்டம் சுருக்கமானது. 1959-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து விதிகளில் 17ஏ என்று ஒன்று பிற்பாடு சேர்க்கப்பட்டது. வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்தக் கூடாது. பிடிபட்டால் 300 வெள்ளி (ரிங்கிட்) சம்மன். நீதிமன்றம் வரை போனால் அபராதம் இன்னும் ஏறும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது எடுத்துப் பார்த்தாலும் குற்றம்தான். ‘வண்டிதான் நகரவில்லையே சார்’ என்பது எடுபடாது. வழி காட்டும் வேஸ் செயலியைப் பார்க்கலாமா என்று 2018-இல் ஊரே குழம்பியது. தாங்கியில் மாட்டி வைத்து வழி பார்க்கலாம், கையில் பிடித்துத் தட்டக்கூடாது என்று போக்குவரத்து அமைச்சர் விளக்கம் சொன்ன பிறகுதான் அடங்கியது.

80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் படிக்க ஐந்து விநாடி என்று வையுங்கள். ஒரு பந்துத் திடலின் நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிட்டீர்கள்.

சரி, என் மச்சான் கதைக்கு வருகிறேன். பட்டர்வொர்த்தில் வேன் ஓட்டுகிறவர். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு 150 வாழையிலையும் இரண்டு சாக்குத் தேங்காயும் ஏற்றிக்கொண்டு பாலத்தில் வருகிறார். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். அதில் ஏறி வீடு வந்து சேர்வதற்குள் என் தங்கை எத்தனை முறை கூப்பிட்டிருப்பாள்? ஐந்து! முதல் முறை, எங்கே வந்துகிட்டிருக்கீங்க. “பாலத்துல.” இரண்டாவது முறை, விளக்குத்திரி வாங்கினீங்களா. “இல்ல.” மூன்றாவது முறை, ஏன் வாங்கல. இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு யோசித்திருக்கிறார் மனிதர். அது வழுக்கிக் காலடியில் விழுந்து பிரேக்குக்குப் பக்கத்தில் போய்விட்டது. விழுந்த இடத்திலிருந்தே அது நான்காவது முறையும் அடிக்கிறது. குனிந்தார். வேன் பக்கத்துத் தடத்துக்குச் சாய்ந்தது. பின்னால் வந்த கொள்கலன் லோரி அடித்த ஹார்னில் தேங்காய்ச் சாக்கு சரிந்து, வாழையிலைக் கட்டு அவிழ்ந்து, ஒரு இலை கண்ணாடி முன்னால் வந்து நின்றதாம். அன்றைக்கு அவர் பிழைத்தது லோரிக்காரரின் புண்ணியம்.

அத்தோடு திருந்தினாரா? கெலுகோர் பக்கம் இறங்கி, சாலையோரம் நிறுத்தாமலே ஒரு கையால் போனைத் துழாவி எடுத்துக் காதில் வைத்தார். அங்கே போலீஸ் நிற்கிறது. ஓரம் கட்டச் சொன்னார்கள். அதிகாரி சம்மன் எழுதிக்கொண்டிருக்கும்போது ஐந்தாவது முறை அடித்தது. மச்சான் போனையும் பார்க்கிறார், அதிகாரியையும் பார்க்கிறார். அதிகாரி எழுதுவதை நிறுத்தாமல், “அங்காட்லா என்சே, செகாராங் போலே” என்றாராம். எடுங்கள், இப்போது எடுக்கலாம்!

எடுத்தார். என் தங்கை கேட்ட கேள்வி: “இவ்வளவு நேரமா ஏங்க போன எடுக்கல?”

சிரிக்கிறீர்கள். சகோதரிகள் பக்கம் சத்தம் குறைவாக இருக்கிறது. ஆண்களும் குறைந்தவர்கள் இல்லை, நானே அன்று அவரை ஒரு முறை கூப்பிட்டிருக்கிறேன், லைன் பிஸி. இருபது வருடமாக எல்லா மேடையிலும் நான் சொல்வது இதைத்தான். போனை எடுத்தவனுக்கு மட்டும்தான் சம்மன் வருகிறது. போன் அடித்தவர் வீட்டில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். வண்டியில் இருக்கிறார் என்று தெரிந்தும் கூப்பிடுகிறோம் பாருங்கள், அவரை ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்று நிற்க வைப்பது நாம்தான்.

சாப்பாடு கொண்டுவரும் பையன்களை நினைத்துப் பாருங்கள். இந்த நாட்டுச் சாலைகளில் உயிர்விடுகிறவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். நாசி கண்டார் பத்து நிமிடம் தாமதமானால் ‘எங்கேப்பா இருக்கே’ என்று அடிக்கிறோம். போன வாரம் என் வீட்டு வாசலில் ஒரு தம்பி பையை நீட்டும்போது பார்த்தேன், ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே போனைச் செருகியிருக்கிறான். அது அவன் பேசுவதற்கு வைத்தது இல்லை. நாம் பேசுவதற்கு வைத்தது.

மணி அடித்துவிட்டார்கள். இரண்டாவது செய்தியை இரண்டே வரியில் விடுகிறேன்: ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2019 கடைசியிலிருந்து போன் பிடித்த கையைக் கேமராவே படம் எடுக்கிறது. சட்டமன்ற உறுப்பினர் குறித்துக்கொண்டால் மகிழ்ச்சி.

வாசலில் மேசை மேல் மஞ்சள் அட்டைகள் இருக்கின்றன. ‘வண்டியில் இருப்பவரை நான் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டுவிட்டால், ஓட்டுகிறேன் என்று அவர் சொன்ன உடனே வைத்துவிடுவேன்.’ அவ்வளவுதான் வாசகம். மேலே பாட்டியின் பழமொழியை அச்சடித்திருக்கிறேன், செலவு என்னுடையது. வீட்டுக்கு ஒன்று எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். முதல் கையெழுத்து என் தங்கையுடையது. மச்சான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒரு அறிவிப்பு. வெள்ளை மைவி கார் ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறதாம். உரிமையாளர் கிளம்பி வெளியே போய்விட்டார் என்கிறார்கள். தயவுசெய்து யாரும் அவருக்குப் போன் போடாதீர்கள், அவர் வேறொருவருடைய வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருந்தாலும் போயிருப்பார்.