துணியும் செருப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

கண்ணுக்குத் தெரியாத துணியை உடுத்திக்கொண்டு ராஜா ஊர்வலம் போன கதையைச் சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். "ராஜா அம்மணமா வர்றாரு!" என்று ஒரு குழந்தை கத்துமே, அதேதான். டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் அதை வெளியிட்டது 1837-இல். அதற்கு ஐந்நூறு வருஷம் முன்னால், 1335-இல் எழுதி முடித்த 'லுக்கானோர் பிரபு' என்ற கதைநூலில் இது இருக்கிறது. எழுதியவர் ஸ்பெயினின் காஸ்டில் நாட்டுப் பிரபு, தோன் ஹுவான் மனுவேல்.

அவர் கதையில் துணி கண்ணுக்குத் தெரியாதது, ஆண்டர்சன் கதையில் வருவதுபோல் முட்டாளுக்கு அல்ல. தன் அப்பாவுக்குப் பிறக்காதவனுக்கு. அப்படிப் பிறக்காதவனுக்குச் சொத்து கிடையாது. ராஜாவுக்கோ ராஜ்ஜியமே போய்விடும். அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்? திறப்பவன் ராஜாவின் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் கறுப்பின வேலையாள். 'என்னை யார் பிள்ளை என்று நீங்கள் நினைத்தாலும் எனக்கொன்றும் ஆகாது' என்று சொல்லிவிட்டுத்தான் உண்மையைச் சொல்கிறான். குழந்தையைவிட இவன் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறான்.

அரண்மனை பயம் ஹுவான் மனுவேலுக்கு அத்துப்படி. 1282-இல் பிறந்தவர், பத்தாம் அல்ஃபோன்சோ அரசரின் தம்பி மகன். பதினோராம் அல்ஃபோன்சோ சிறுவனாக இருந்தபோது அவன் பெயரால் நாட்டை நடத்தியவர்களில் ஒருவர். அந்தப் பையன் வளர்ந்து, இவர் மகள் கோன்ஸ்தான்ஸாவைக் கட்டிக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டான். 1327-இல் அவளைத் தோரோ நகரில் அடைத்து வைத்துவிட்டுப் போர்ச்சுகலில் பெண் எடுத்தான். அப்பா சும்மா இருப்பாரா? அரசன்மீதே போர் தொடுத்தார்.

இத்தனைக்கும் நடுவில் தன் எழுத்தைப் பற்றி அவருக்கு ஒரு தனிக் கவலை. அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார். பெர்ப்பின்யான் ஊரில் ஒரு வீரர் அருமையான பாட்டு ஒன்று கட்டினார். அதை ஒரு செருப்புத் தைப்பவர் கன்னாபின்னாவென்று பாடிக்கொண்டிருந்தார். வீரர் குதிரையிலிருந்து இறங்கினார், கத்தரிக்கோலை எடுத்தார், தைத்து வைத்திருந்த செருப்புகளை வெட்டித் தள்ளினார். 'என் பாட்டை நீ கெடுத்தாய், உன் செருப்பை நான் கெடுத்தேன்' என்பது அவர் நியாயம்.

படியெடுப்பவர்கள் தன் நூல்களையும் இப்படிக் கெடுப்பார்கள் என்று பயந்து, தானே திருத்திய பிரதியைப் பென்யாஃபியெல் ஊரில், தான் கட்டிய மடத்தில் வைத்தார் ஹுவான் மனுவேல். தப்பு கண்டால் என்னைத் திட்டுமுன் அங்கே போய்ப் பாருங்கள் என்றும் எழுதினார்.

அந்தப் பிரதி தொலைந்துபோயிற்று. இன்று நம் கையில் இருப்பதெல்லாம் பிறர் எடுத்த படிகள்தான். வணக்கம்.