லாட் 8-ல நின்ன வண்டிங்க

எல்லாருக்கும் வணக்கம். நியூ ஜெர்சி ரட்கர்ஸ் யுனிவர்சிட்டில புதுசா சேர்ந்த பிள்ளைங்க நிறைய பேர் வந்திருக்கீங்க, அதனால உங்க சீனியர்ஸ் ராத்திரில எங்க சாப்பிட்டாங்கன்னு சொல்லியே ஆகணும்.

நியூ பிரன்ஸ்விக்ல காலேஜ் அவென்யூ பக்கம் லாட் 8-னு ஒரு பார்க்கிங் இடம், அங்க வரிசையா நின்னதுதான் கிரீஸ் டிரக்ஸ்னு சாப்பாட்டு வண்டிங்க, நம்ம கையேந்தி பவன் மாதிரின்னு வச்சுக்கங்களேன், நடுராத்திரி தாண்டியும் அடுப்பு அணைஞ்சதில்ல. அவங்க பேர் வாங்கினது ஃபேட் கேட் சாண்ட்விச்சால, அதாவது நீளமான பன்னப் பிளந்து ரெண்டு சீஸ்பர்கர், ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், லெட்டூஸ், தக்காளி, மயோனைஸ், கெட்சப் எல்லாத்தையும் உள்ளயே திணிச்சுடுவாங்க, தொட்டுக்க தனியா எதுவும் வேண்டாம்.

1997-ல டேரல்னு ஒரு ஸ்டூடண்ட், கையில காசு கம்மி, ஆனா சிக்கன் ஃபிங்கர்ஸும் வேணும், மொசரெல்லா ஸ்டிக்ஸும் (பொரிச்ச சீஸ் துண்டுங்க) வேணும், ஃப்ரைஸும் வேணும். தனித்தனியா வாங்க முடியாது, அதனால எல்லாத்தையும் ஒரே பன்னுல வச்சு மேல மரினாராங்கற தக்காளி சாஸ் ஊத்திக் குடுங்கன்னு கேட்டுக் கேட்டே வண்டிக்காரர சம்மதிக்க வச்சுட்டான். பின்னாடி லைன்ல நின்னவங்களும் எனக்கும் அதே, எனக்கும் அதேன்னு வாங்க ஆரம்பிச்சுட்டாங்க, அப்படியே ஃபேட் டேரல்னு மெனுவுல ஏறிடுச்சு. 2004-ல மாக்ஸிம் பத்திரிகை அமெரிக்காவுலயே நம்பர் ஒன் சாண்ட்விச்னு அதத்தான் போட்டுச்சு! எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே, பசியோட வந்த பையன் சொன்னத வண்டிக்காரர் காது குடுத்துக் கேட்டார் பாருங்க, அதுதான். பெரிய செயின் கடை கவுண்டர்ல போய் இப்படிக் கேட்டுப் பாருங்க, மெனுவுல இல்லன்னு சொல்லி அடுத்த ஆளக் கூப்பிட்டுடுவாங்க.

2013-ல அந்த இடத்துல கட்டடம் வருதுன்னு வண்டிங்கள கிளப்பிட்டாங்க, ஒண்ணா நின்னதெல்லாம் ஆளுக்கொரு பக்கமா சிதறிப் போச்சு. 2016-ல தி யார்டுன்னு ஹாஸ்டலும் கடைங்களுமா கட்டடம் எழும்பி, அந்த வண்டிங்கள்ல ஆர் யூ ஹங்ரின்னு ஒண்ணு மட்டும் அங்க கடையா உள்ள வந்துச்சு. வந்ததுல சந்தோஷம்தான், ஆனா மத்த வண்டிங்களையும் சேர்த்து அதே இடத்துல நிக்க வச்சிருக்கலாம், மனசிருந்தா ஒரு ஓரம் ஒதுக்குறது அவ்வளவு பெரிய காரியமா?

பிள்ளைங்களா, நீங்க ஸ்டூடண்ட் கவுன்சில்ல இருந்தா ஒண்ணு பண்ணுங்க. கேம்பஸ்ல அடுத்த கட்டடத்துக்கு பிளான் போடுறப்ப, அங்க ஏற்கெனவே வண்டி போட்டுப் பொழைக்கிறவங்களுக்கு எங்க இடம் குடுக்கப் போறீங்கன்னு முதல் மீட்டிங்லயே எழுந்து கேளுங்க, லாரி வந்து மண்ணக் கொட்டின பிறகு கேக்காதீங்க.